குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கும் நிறுவனத்தின் ஆவணங்களைப் பாதுகாப்பது எப்படி?

நிதி வரத்து நின்றுவிட்டால் சிறிய தொண்டு நிறுவனங்கள் சில வாரங்களிலேயே மூடப்படக்கூடும். அந்த அவசரத்தில் அலமாரியில் இருப்பவற்றை நிதானமாகப் பிரித்துப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்காது. ஆகவே, நிறுவனம் நன்றாக நடக்கும்போதே இப்பணியைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில், நிறுவனத்தின் ஆவணங்களையும் உதவி நாடி வந்த பெண்களின் ஆவணங்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள். கூட்டக் குறிப்புகள், ஆண்டறிக்கைகள், துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், பயிற்சிக் கையேடுகள் ஆகியவற்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். ஒருவரைப் பற்றிய தனிக் கோப்பு அப்படியன்று. சட்டம் விதிக்கும் காலம்வரை அதைப் பூட்டி வைத்திருந்து, வழக்கோ விசாரணையோ நிலுவையில் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு அழித்துவிடுவதே பொது விதியாக இருக்கட்டும். அந்தப் பெண் தெரிந்தே ஒப்புதல் தந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு அளிக்கலாம். ஒப்புதல் கேட்பதற்காக அவருடைய பழைய முகவரிக்குக் கடிதம் அனுப்பவே கூடாது, ஏனெனில் அதை யார் பிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

உண்மையில் கடினமானது, பெண்கள் அடைக்கலம் பெறும் தங்குமிடத்தின் நாட்பதிவேடுதான். "இரவு இரண்டு மணிக்கு அழைப்பு, இரு குழந்தைகளுடன் வருகிறார், மூத்தவனுக்கு ஆஸ்துமா, இன்ஹேலரை எடுத்து வர முடியவில்லை" என்பது போன்ற ஒரு குறிப்பு, எந்த ஆண்டறிக்கையும் சொல்லாத விதத்தில் அந்த இல்லத்தின் உழைப்பைக் காட்டும். ஆனால் அதில் பெயரே இல்லாவிட்டாலும், தேடிக்கொண்டிருக்கும் கணவனுக்கு அந்த ஒரு வரி போதும். எனவே மூலத்தை மூடி முத்திரையிட்டு வையுங்கள். ஆய்வாளர்களுக்கு அடையாளங்கள் நீக்கிய படியை மட்டும் கொடுங்கள். மார்க்கரால் அடித்த எழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் என்பதால், அடித்த படியை மீண்டும் ஒரு முறை நகலெடுக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பில் கறுப்புக் கட்டம் வரைவதும் போதாது. அதன் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். ஒளிப்படங்களில் வாசற்கதவு, தெருப்பெயர், கோப்புக்குள் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவல் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

காகிதத்தைப் பொறுத்தவரை, துருப்பிடித்த பின்களையும் ரப்பர் பேண்டுகளையும் அகற்றி, அமிலமற்ற உறைகளில் இட்டு, பென்சிலால் மட்டும் குறிப்பெழுதுங்கள். லேமினேஷன் வேண்டாம். பழைய ஃபேக்ஸ் தாள்களின் எழுத்து மங்கிவிடும் என்பதால் அவற்றை உடனே நகலெடுக்க வேண்டும். கேசட்டுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். நாடாவும் கெடுகிறது, அதை இயக்கும் கருவிகளும் அரிதாகிவருகின்றன. மின்கோப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல்கள் இருக்கட்டும், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி), கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவரிடம் ஒப்படையுங்கள்.

ஆவணக் காப்பகம் ஒன்றிடம் ஒப்படைப்பதாக இருந்தால் எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியம். கோப்பில் இடம்பெறும் மிக இளைய குழந்தை பிறந்ததிலிருந்து 100 ஆண்டுகள்வரை அதைத் திறக்கக்கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். காப்பகத்தின் ஆவணப் பட்டியலில் தங்குமிடத்தின் முகவரி எங்கும் இடம்பெறக் கூடாது. நிறுவனமே இல்லாமற்போன பின் பார்வையிட அனுமதி கோருபவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதையும், பதவிப் பெயரால் குறிக்காமல், வாரிசு அமைப்பு ஒன்றையோ காப்பகத்தின் குழுவையோ குறிப்பிட்டு அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.