பால் போதுமா? பிறந்த நாளிலிருந்து முதல் பிறந்தநாள் வரை படிப்படியாக

கடலூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது கொல்லைப்புறத்துக் கொடியைத்தான். கொடி நிறைய துண்டுத் துணி காய்ந்தால் பாதிக் கவலை விட்டது. உள்ளே நுழைந்ததும் ஆயா ஆரம்பிப்பார்: "இவளுக்குப் பாலே ஊறலம்மா, புள்ள ஓயாம அழுவுது." ஆயா சொல்வது பொய்யில்லை, பிள்ளை அழத்தான் செய்கிறது. ஆனால் அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. மூத்திரத்தை வைத்தும் எடையை வைத்தும் அளக்கலாம்.

முதல் பிள்ளை பெற்றவர்களுக்காக, ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: முதல் ஒரு மணி நேரம்

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டுவிடுங்கள். சிசேரியன் என்றாலும், தாய் விழிப்பாக இருந்தால் ஒருவர் துணைக்குப் பிடித்துக்கொண்டு போடலாம். முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். அதுதான் சீம்பால். சொட்டுதானே வருகிறது என்று கவலைப்படாதீர்கள், பிள்ளைக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தேவை.

சேனை வைக்கிறேன் என்று யாராவது சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ கொண்டுவந்தால், வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமி பிள்ளையின் குடலில் பெருகி, நஞ்சை உண்டாக்கி, உடம்பையே துவளச் செய்துவிடும்.

படி 2: வாய் வைக்கும் விதம்

நான் பார்த்த வரையில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. காம்பு வெடிப்பது, பால் கட்டுவது, பிள்ளைக்கு எடை ஏறாதது எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சாய்ந்து உட்காருங்கள், முதுகுக்குத் தலையணை வையுங்கள். நீங்கள் பிள்ளையிடம் குனியக் கூடாது, பிள்ளையை உங்களிடம் தூக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். தலையை மட்டும் திருப்பிக் குடிக்க வைத்தால், கழுத்தைத் திருப்பிக்கொண்டு சோறு விழுங்குவது மாதிரிதான்.

காம்பால் மேல் உதட்டை லேசாகத் தொடுங்கள். பிள்ளை கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும்வரை பொறுங்கள். திறந்ததும் சட்டென்று பிள்ளையை அருகே இழுத்து அணைத்துக்கொள்ளுங்கள். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது. அதைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தில், முக்கியமாகக் கீழ்ப்பகுதியில், நிறைய உள்ளே போக வேண்டும். கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், தாடை மார்பில் பதிந்திருக்கும். கன்னம் குழி விழுந்து "சப் சப்" என்று சத்தம் வந்தால் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நன்றாகப் பிடித்தால் இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை விழுங்கும் சத்தம் கேட்கும்.

முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். அதற்குப் பிறகும் வலித்தால், சுண்டு விரலைப் பிள்ளையின் வாயோரத்தில் நுழைத்து பிடியை விடுவித்துவிட்டு மறுபடி வையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். காம்பு வெடித்திருந்தால், குடித்து முடித்த பிறகு ஒரு சொட்டு உங்கள் பாலையே தடவிக் காற்றில் காயவிடுங்கள்.

ஒரு பக்கம் தானாக விடும்வரை குடிக்கட்டும், அப்புறம் மறுபக்கம். முதலில் வரும் பால் நீர்த்திருக்கும், போகப் போகக் கொழுப்பு கூடும். கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடத்தில் பக்கம் மாற்றினால் அந்தக் கெட்டிப்பால் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம்.

படி 3: போதுமா என்று எண்ணிப் பார்ப்பது

ஒரு நாளைக்கு, ராத்திரியும் சேர்த்து, 8 முதல் 12 முறை குடிப்பது சாதாரணம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை மூத்திரம் போக வேண்டும், நிறம் வெளுத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் டயப்பர் போடாமல் துணி கட்டினால் எண்ணுவது சுலபம்.

பிறந்ததும் எடை கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் பால் போதுகிறது. ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடையைப்போல இரண்டு மடங்கு, ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாதம் ஒரு முறை, முடிந்தால் ஒரே தராசில், எடை போடுங்கள்.

சாயங்காலம் ஆனால் சில பிள்ளைகள் விட்டு விட்டு இரண்டு மூன்று மணி நேரம் குடிக்கும். மார்பு தளர்ந்து காலியாகிவிட்ட மாதிரி இருக்கும். பால் வற்றிவிட்டது என்று பவுடர் டின் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். ஒரு வேளை பவுடர் கரைத்துக் கொடுத்தால் அந்த வேளை மார்பில் இழுப்பு குறையும். இழுப்பு குறைந்தால் சுரப்பும் குறையும். குழந்தைப் பால் பவுடரை விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம், அப்போது தயங்காமல் கொடுங்கள்.

கத்திரி வெயிலில், "நமக்கே நாக்கு வறளுது, பச்சப் புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி வேணாமா" என்பார்கள். வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்குச் சுமார் 88 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் தேவையில்லை. வைட்டமின் டி சொட்டு மட்டும் மருத்துவர் சொன்னபடி தினமும் கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய். பத்தியம் என்ற பேரில் அவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது சுத்தத் தப்பு.

பால் சுறா பற்றிக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் விடமாட்டார்கள். சுறாப்புட்டு நல்ல புரதம், ருசியும் உண்டு, எப்போதாவது சாப்பிடலாம். ஆனால் சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் தினமும் வேண்டாம். சங்கரா, மத்தி, நெத்திலி போதும். பால் ஊற வைப்பது பிள்ளை இழுக்கும் இழுப்புதான், பூண்டுக் குழம்பு அதற்குப் பக்கத்துணை.

ஐந்தாம் நாளுக்குப் பிறகும் மூத்திரம் 6 முறைக்குக் குறைந்தால், எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு தூங்கினால், காமாலையின் மஞ்சள் நிறம் கை கால் வரை இறங்கினால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 4: பால் கட்டிக்கொண்டால்

மார்பு கல்லாகிவிட்டால் பிள்ளையால் பிடிக்க முடியாது. குடிக்க வைக்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றடம் கொடுத்து, கருவட்டம் இளகும் அளவுக்குக் கையால் கொஞ்சம் பீய்ச்சி விடுங்கள். குடித்த பிறகு குளிர்ந்த துணி. வீக்கத்துக்காக மல்லிகைப்பூ வைத்துக் கட்ட வேண்டாம். அது பாலை வற்ற வைக்க நம் ஊரில் செய்யும் வைத்தியம். ஒரு இடம் சிவந்து சுட்டு, குளிர் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

படி 5: வேலைக்குத் திரும்பும்போது

சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் ஜவுளிக்கடையிலும் சிறு பட்டறையிலும் வேலை பார்க்கும் பல பெண்கள் மூன்றாம் மாதமே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பீய்ச்சி வைக்கப் பழக வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கட்டைவிரல் கருவட்டத்துக்கு மேலே, ஆள்காட்டி விரல் கீழே. நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்குங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. சுடவைத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவுப் பக்கம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு, புதுச்சேரி மே மாதத்துக்குச் சொன்னதில்லை. கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், கிண்ணத்தை வெந்நீரில் வைத்து எடுங்கள். பாட்டிலை விடப் பாலாடை, அதாவது பிள்ளைக்குப் பால் ஊற்றும் மூக்கு வைத்த சிறு கிண்ணம், மேல். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், படுக்க வைத்துச் சங்கில் ஊற்றினால் புரையேறும்.

பயணத்தின்போது, தமிழ்நாட்டில் 2015இல் பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகளைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். பூட்டியிருந்தால் சாவி எங்கே என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

படி 6: ஆறு மாதம் முடிந்ததும் முதல் கஞ்சி

தலை நிற்க வேண்டும், பிடித்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். அப்போது தொடங்கலாம்.

ஒரு கைப்பிடி கேழ்வரகைக் கல் பொறுக்கி, கழுவி, ராத்திரி ஊறவையுங்கள். காலையில் வடித்து மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால், நம் ஊர் வெக்கைக்கு மறுநாளே வெள்ளை முளை தெரியும். தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய் பளபளவென்று ஆகும்போது இறக்கி, அரை ஸ்பூன் நெய். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். ஸ்பூனைச் சாய்த்தால் தண்ணீராக ஓடக்கூடாது. ஓடினால் வயிறு நிறையும், எடை ஏறாது.

முதல் நாள் இரண்டு ஸ்பூன் போதும். புதிதாக ஒன்று கொடுத்தால் மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்துக் கையால் மசித்தது, வாழைப்பழம், வேகவைத்த பூசணி, நன்றாக வெந்த முட்டை, முள் பார்த்துப் பார்த்து எடுத்த கிழங்கான் மீன். கேழ்வரகோடு நின்றுவிடாதீர்கள். ஆறு மாதத்தில் பிள்ளையிடம் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு தீர ஆரம்பிக்கும்; பருப்பு, முட்டை, மீன், ஈரல் எல்லாம் அதற்குத்தான்.

எட்டாம் மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கிண்ணம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதுக்கு மேல் மூன்று நாலு வேளை, கொஞ்சம் கட்டிகட்டியாக. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்தே கொடுத்தால் மெல்லவே பழகாது. முழு திராட்சை, முழு வேர்க்கடலை கூடாது. பிள்ளை குமட்டித் துப்பினால், சாப்பாடு உள்ளே சிக்கிக்கொண்டது, தொக்கம் என்று சொல்லி, அதை எடுப்பவரிடம் ஓடாதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவதும் குழாய் வைத்து ஊதுவதும் ஆபத்து.

படி 7: பல்லும் பால் மறப்பதும்

கடித்தால் கத்தாதீர்கள், பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். வாயோரத்தில் விரலை விட்டு எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துக் கொடுங்கள். பெரும்பாலும் வயிறு நிறைந்த பிறகுதான் கடிக்கும்.

ஒரு வயதில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். குறைக்க நினைத்தால் முதலில் பகலில் ஒரு வேளையை விடுங்கள், ஒரு வாரம் கழித்து அடுத்ததை. ராத்திரிப் பால் கடைசியாகப் போகட்டும். வேப்பிலை அரைத்துத் தடவி ஒரே நாளில் மறக்கடித்தால் பிள்ளைக்கு அழுகை, உங்களுக்குப் பால் கட்டும். பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயதுக்குப் பிறகே ஆரம்பியுங்கள், நாளுக்கு அரை லிட்டருக்குள், டம்ளரில். அதுவரை பாட்டில் தொடாத பிள்ளைக்கு அந்த வயதில் புதிதாகப் பாட்டில் வாங்க வேண்டாம்.