ஈரோட்டிலிருந்து பரங்கிமலைக்கு

ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் சென்னை சென்ட்ரல். அங்கே நீலத்தட மெட்ரோவில் ஏறி, முதலில் சின்னமலையில் இறங்குங்கள். நமக்குச் சின்னமலை என்றால் தீரன்தான். அங்கே அது இயேசுவின் சீடர் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை. குனிந்தே நுழையுங்கள், எனக்கு நெற்றி புடைத்துவிட்டது.

அப்புறம் ஆலந்தூரில் வண்டி மாறினால் அடுத்த நிறுத்தம் பரங்கிமலை. மலை சுமார் 300 அடிதான். சென்னிமலையின் 1,320 படி ஏறிய காலுக்கு இதெல்லாம் ஒரு ஏற்றமா? கி.பி. 72இல் தோமையார் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தது இங்கேதான் என்பது மரபு. அவசரப்படாமல் பார்க்க வேண்டியது மலைமேல் தேவாலயப் பீடத்தில் இருக்கும் கற்சிலுவை. 1547இல் கிடைத்தது, சுற்றிலும் பழங்காலப் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.