எட்ஜ் பைண்டர்: எதை வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம்

போன பெரும்போகம் தொடங்கும் நேரம் வட்டக்கச்சியிலிருந்து ஒருவர் தண்ணீர்ப் பம் ஒன்றின் உடைந்த பெயாரிங் ஹவுசிங்கைக் கொண்டு வந்தார். புதிதாகச் செய்து கொடுப்பதாகச் சொன்னேன். இரண்டு தகடுகள், ஒவ்வொன்றிலும் 6204 பெயாரிங்குக்கு 47 மி.மீ. துளை. இரண்டும் அடித்தட்டில் உள்ள காடியில் இடது ஓரம் ஒட்டி உட்கார வேண்டும். பூட்டிய பிறகு ஷாஃப்ட் இறுக்கமாகவே சுற்றியது. அளந்து பார்த்தேன், இரண்டு துளைகளுக்கும் இடையில் 0.08 மி.மீ. விலகல். காரணம் மெசினில் இல்லை, எட்ஜ் பைண்டரில், அதாவது ஸ்பிண்டிலை (மெசினின் சுற்றும் தண்டை) வேலைத்துண்டின் ஓரத்துக்கு நேராக நிறுத்த உதவும் கருவியில், அதன் அளவை நான் பிழையாக எடுத்ததில் இருந்தது. கிளிநொச்சியில் தகரக் கொட்டிலுக்குள் சின்ன மில்லிங் மெசின் வைத்து வேலை பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வைஸ் நேராக இருக்கிறது, ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பவை நான்கு: சுற்றும்போது விலகி அடிக்கும் மெக்கானிக்கல் எட்ஜ் பைண்டர், தொட்டால் எல்இடி எரியும் எலெக்ட்ரோனிக் வகை, 10 மி.மீ. டவல் பின்னும் (அளவு சரியான உருளை இரும்புத் தண்டு) தாளும், நெம்பு டயல் கேஜ் (சிறு நெம்பு நுனியின் அசைவை முள்ளில் காட்டுவது). புதிதாகத் தொடங்குகிறவர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மெக்கானிக்கல் வகையையே வாங்குங்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவுக்கு யாராவது போனால் சொல்லிவிடலாம். 10 மி.மீ. தண்டும் 10 மி.மீ. நுனியும் உள்ளதாகக் கேளுங்கள். பாதி 5, கணக்குப் பிழைக்காது.

பயன்படுத்தும் முறை இதுதான். கொலெட்டில் (ஸ்பிண்டிலில் கருவியைப் பிடிக்கும் கவ்வியில்) பிடித்து நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓட விடுங்கள். 1000-க்கு மேல் போக வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டுவிடும். நுனியை விரலால் சற்றுத் தள்ளிவிட்டால் ஆடத் தொடங்கும். ஓரத்தை நோக்கி மேசையை மெதுவாக நகர்த்துங்கள். ஆட்டம் குறைந்து குறைந்து நின்றுவிடும். அங்கே நிறுத்தக்கூடாது. இன்னும் 0.01, 0.01 ஆகத் தள்ளுங்கள். திடீரென நுனி பக்கவாட்டில் விலகி அடிக்கும். அந்தக் கணம்தான் அளவு.

இனித்தான் பலரும் பிழைக்கும் இடம். அடித்தவுடன் கருவியை மேலே தூக்குங்கள். பிறகு, வந்த அதே திசையிலேயே, நுனி விட்டத்தின் பாதியை நகர்த்துங்கள். இப்போது ஸ்பிண்டில் மையம் ஓரத்துக்கு நேர் மேலே நிற்கிறது. கைச்சில்லின் டயலைப் பூச்சியமாக்குங்கள். கை தவறிக் கூட நகர்த்திவிட்டால் கொஞ்சம் மட்டும் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு முழுச் சுற்றுப் பின்னுக்குப் போய், திரும்பவும் அதே திசையில் வாருங்கள். மேசையை நகர்த்தும் ஸ்குரூவில் இருக்கும் பின்னடைவு (திசை மாறும்போது மேசை அசையாமல் கைச்சில்லு சும்மா சுற்றும் அளவு) அப்போதுதான் கணக்கில் சேராது.

என் 0.08 எங்கிருந்து வந்தது? அப்போது என்னிடம் இருந்தது அங்குல அளவுக் கருவி. நுனி 0.200 அங்குலம், அதாவது 5.08 மி.மீ., பாதி 2.54. நான் அதை 5 மி.மீ. நுனி என்று நினைத்து 2.5 நகர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் 0.04 குறைந்தது. ஒரே ஓரத்தில் இருந்து எல்லாத் துளைகளையும் போட்டிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. நான் ஒரு தகட்டை இடது ஓரத்தில் இருந்தும் மற்றதை வலது ஓரத்தில் இருந்தும் அளந்தேன். ஒன்றில் துளை இடப்பக்கம் 0.04 போனது, மற்றதில் வலப்பக்கம் 0.04. கூட்டினால் 0.08.

ஆகவே எந்தக் கருவி வாங்கினாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அகலம் சரியாகத் தெரிந்த, கிரைண்ட் செய்த இரும்புக் கட்டை ஒன்றை வைஸில் பிடியுங்கள், 25.00 மி.மீ. என்று வைப்போம். இடப்பக்கம் தொட்டு டிஜிட்டல் ரீடவுட்டை (மேசை நகர்ந்த தூரத்தை நேரடியாக எண்ணில் காட்டும் திரையை) பூச்சியமாக்கி, வலப்பக்கம் போய்த் தொடுங்கள். வரும் எண்ணில் இருந்து 25-ஐக் கழித்தால் மிஞ்சுவது உங்கள் நுனியின் உண்மையான விட்டம். எனக்கு 30.08 வந்தபோதுதான் விஷயம் விளங்கியது.

அப்புறம் ஒரே ஓரத்தை ஐந்து தடவை தொட்டுப் பாருங்கள். என் மெசினில் மெக்கானிக்கல் 0.01-க்குள் நிற்கிறது. எல்இடி வகை 0.03 வரை ஓடியது. அதைச் சுற்றாமல் பயன்படுத்துவதால் கொலெட்டின் ஓட்டம் (மையம் விலகிச் சுற்றும் அளவு) அப்படியே அளவில் ஏறிவிடுகிறது. ஒரு தடவை தொட்டு எண்ணைக் குறித்து, ஸ்பிண்டிலைக் கையால் அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் தொட்டு, இரண்டின் நடுவை எடுத்தால் சரியாகும். மின்சாரம் கடத்தாத பொருளில் அது எரியவே எரியாது. பிளாஸ்டிக், பெயின்ற், அனடைஸ் செய்த அலுமினியம் எல்லாவற்றிலும் ஏமாற்றும். விளக்குக்காகக் காத்துக் காத்தே நுனியை உடைத்துவிடலாம்.

டவல் பின்னும் தாளும் செலவில்லாத வழி. ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, பின்னுக்கும் ஓரத்துக்கும் இடையில் தாளை இழுத்துக்கொண்டே நெருங்குங்கள். தாள் பிடிக்கும் இடத்தில் மையம் 5 மி.மீ.யும் தாளின் தடிப்பும் சேர்ந்த தூரத்தில் இருக்கும். போட்டோகொப்பித் தாள் 0.1 மி.மீ. அளவு வரும், ஆனாலும் மைக்ரோமீட்டரில் அளந்தே எடுங்கள். ஏற்கெனவே உள்ள துளையின் மையம் வேண்டும் என்றால் நெம்பு டயல் கேஜ்தான். வேறு எதையும் நான் நம்புவதில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளவுகளுக்கான நியம வெப்பநிலை 20 பாகை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அது எங்கேயோ போய்விடும். 100 மி.மீ. அலுமினியம் 10 பாகை சூடேறினால் 0.023 மி.மீ. நீளும். பெயாரிங் துளைகளை நான் காலை எட்டு மணிக்கு முன்பே முடித்துவிடுகிறேன்.

பிற்சேர்க்கை: பரந்தனில் இருந்து ஒரு தம்பி, இதே சோதனையில் 30.08-க்குப் பதிலாக 29.9 வருகிறது என்று எழுதியிருந்தார். அவரிடம் ரீடவுட் இல்லை, கைச்சில்லின் டயலைப் பார்த்து எண்ணியிருக்கிறார். இரண்டு பக்கத்தையும் எதிரெதிர்த் திசையில் நெருங்குவதால், பின்னடைவு முழுவதும் அந்த எண்ணில் இருந்து கழிந்துவிடுகிறது. தம்பி, உங்கள் கருவி நல்லதுதான். மேசை ஓரத்தைத் தொடும்படி காந்தத் தாங்கியில் டயல் கேஜ் ஒன்றை நிறுத்தி, கைச்சில்லை முன்னும் பின்னும் திருப்பி, மேசை அசையத் தொடங்கும் வரை எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பாருங்கள். 0.18 அளவில் வரும். அதை 29.9-உடன் கூட்டிப் பாருங்கள்.