வீட்டிலிருந்து வேலை: கவனமும் உடம்பும் கெடும் இடங்கள்

வீட்டிலிருந்து வேலை செய்யும்போது கவனம் சிதறினால், நமக்கு மன உறுதி போதவில்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது சரியல்ல. பேருந்து நிறுத்தம் வரை நடப்பது, உயரம் சரியான மேசை, சாப்பிட எழுந்து போவது, மாலையில் கிளம்புவது என்று அலுவலகம் கேட்காமலே கொடுத்தவை வீட்டில் இல்லை. அவற்றை நாமாக ஏற்படுத்திக்கொள்ளாமல் விடுவதுதான் தவறு.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்

வீட்டுச் சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம் இருக்கும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் முழங்கை தரையிலிருந்து சுமார் 65 செ.மீ.யில் இருக்கும். இந்த 10 செ.மீ. வித்தியாசத்துக்காகத் தோள்பட்டை நாள் முழுக்கத் தூக்கியபடியே இருக்கிறது. சாயங்காலம் பிடரி இறுகித் தலைவலி வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பது இன்னொரு தொல்லை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் கை தொங்கலில் நிற்கும்.

முதலில் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை மடித்த ஜமக்காளமோ கெட்டியான மெத்தையோ போட்டு உயர்த்துங்கள். இப்போது பாதம் தரையைத் தொடாது. காலடியில் ஒரு மணைப்பலகையைப் போடுங்கள். இதை விட்டுவிட்டால் தொடையின் அடிப்பக்கம் அழுந்திக் கால் மரத்துப்போகும். அடுத்து, தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். கீபோர்டும் மவுஸும் தனியாக வாங்கியே ஆகவேண்டும். விலை உயர்ந்த நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும்தான் முதல் செலவு செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்தால், சுருட்டிய துண்டு ஒன்றை இடுப்பின் வளைவில் வைத்தாலே முதுகுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசும். எதிரே இருந்தால் கண் இரண்டு வெளிச்சங்களுக்கு நடுவே திண்டாடும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது. அத்தோடு மேசை விசிறி முகத்தில் நேராக அடித்தால் கண் சீக்கிரம் உலர்ந்து எரியும். விசிறியைத் திருப்பி வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிகூடப் போதும்.

கட்டிலில் சாய்ந்து வேலை செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுகும் கெடும், படுத்தால் தூக்கமும் வராது.

நாளின் முதல் ஒரு மணி நேரம்

கண் விழித்ததும் படுக்கையிலேயே அலுவலகச் செய்திகளைப் பார்ப்பது பரவலான பழக்கம். அன்றைக்கு எதை முதலில் செய்வது என்பதை அந்த நிமிடமே அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறோம். குளித்து, உடை மாற்றி, 15 நிமிடம் வெயில் படும்படி மொட்டைமாடியிலோ தெருவிலோ நடந்துவிட்டு உட்காருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. இரவு தூக்கம் நேரத்துக்கு வருவதும் அதைப் பொறுத்ததுதான். உட்கார்ந்ததும் முதல் 60 முதல் 90 நிமிடம் மிகக் கடினமான ஒரே வேலைக்கு. போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கவிழ்த்துப் பக்கத்தில் வைத்தால் கை தானாக அதைத் தேடிப் போகும்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால், மனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டினார். வீட்டிலோ பாதியில் எழ வைக்க ஆயிரம் காரணம் உண்டு: அழைப்பு மணி, கேஸ் சிலிண்டர், பார்சல். எழுவதற்கு முன் எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரி தாளில் எழுதிவிட்டு எழுங்கள். திரும்பி வரும்போது முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்காது.

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு மீட்டிங்கில் உட்காருவதும் இதே தவறுதான். காது விசிலை எண்ணிக்கொண்டே இருக்கும். பேச்சில் பாதி தவறிப்போகும். பெண்கள் மேல்தான் இந்தச் சுமை அதிகம் விழுகிறது என்பதை வீட்டில் உள்ள மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். "வீட்லதானே இருக்கே" என்ற ஒரு சொல்லில் ஒருவருடைய வேலை நேரமே கரைந்துபோகிறது. "தொந்தரவு செய்யாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. 10 முதல் 12 வரை, 3 முதல் 4.30 வரை என்று நேரத்தை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, அந்த நேரத்தில் கதவைத் திறப்பது யார் என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதியச் சோறும் மாலைக் காபியும்

சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு உடனே திரை முன்னால் உட்கார்ந்தால் 3 மணிக்குக் கண் சொக்கும். தட்டில் பாதிக்குக் காய், கூட்டு; கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன்; மீதிக்குத்தான் சோறு. சாப்பிட்ட பின் 10 நிமிடம் மெதுவாக நடந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாது. மிக்சர், முறுக்கு டப்பா கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தூக்கத்தை விரட்டக் காபி குடிப்பது அடுத்த தவறு. காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. 11 மணிக்குப் படுப்பவர்கள் 3 மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு நாட்டு நேரத்தில் வேலை

அமெரிக்கக் குழுவோடு வேலை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அது 7.30 ஆகிவிடும். கலிபோர்னியா என்றால் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. உள்ளூர்க் குழுவுக்காகக் காலை 9.30க்கே உட்கார்ந்து, அவர்களுக்காக இரவு 11 வரை நீட்டினால் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. இரவு மீட்டிங் உள்ள நாட்களில் மதியம் 12 மணிக்குத்தான் தொடங்குவேன் என்று மேலாளரிடம் பேசி, அதைக் காலண்டரில் பதிவு செய்துவிடுங்கள். இடையில் 5 முதல் 6.30 வரை நடை, இரவு உணவு. மீட்டிங் முடிந்த பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும்.

வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்து, பையை அலமாரிக்குள் வையுங்கள். மேசையில் திறந்தே கிடந்தால் "ஒரே ஒரு மெயில்" என்று கை போகும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமான நடை போன்ற மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதியை மாலை நடையிலேயே முடித்துவிடலாம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் இரவில் விழிப்பு வந்தாலோ, கழுத்து வலி கைக்குள் இறங்கினாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அது நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம்; எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ அந்த வாரமே பாருங்கள்.