கே கதாபாத்திரத்தை எழுத உட்காரும் முன்

நீங்கள் எழுதும் டிவி தொடரில் ஒரு கே கதாபாத்திரம், அதாவது ஆண்களைக் காதலிக்கும் ஓர் ஆண், வரப்போகிறதா? அவன் யாரைக் காதலிக்கிறான் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்தக் கதையில் அவனுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காவிட்டால் எதை இழப்பான் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பாதிப் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டால் வசனத்துக்கு அவசரப்படாதீர்கள், ஆள் இன்னும் பிறக்கவில்லை.

தன்பாலினத்தவரை ஊடகங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று கவனிக்கும் கிளாட் என்ற அமெரிக்க அமைப்பு 2013-ல் சினிமாவுக்காகக் கொண்டுவந்த விட்டோ ருஸ்ஸோ சோதனை சீரியலுக்கும் அப்படியே பொருந்தும். தன்பாலினத்தவர் ஒருவர் கதையில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா, அந்த அடையாளத்தைத் தாண்டியும் அவருக்குக் குணம் இருக்கிறதா, அவரை எடுத்துவிட்டால் கதை ஆட்டம் காணுமா? மூன்றாவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நாயகி அழும்போது தோள் கொடுத்து, எந்த உடை எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிற தோழனைத் தூக்கிவிட்டாலும் கதை பாட்டுக்கு ஓடும்.

அப்புறம், வீட்டில் உண்மையைச் சொல்லும் காட்சி. எல்லாரும் அதையே உச்சக்கட்டமாக வைக்கிறார்கள், ஆனால் அது ஒரு தடவையில் முடிகிற விஷயமே கிடையாது. புது வேலை, புது டாக்டர், புது வீட்டுக்காரர் என்று ஒவ்வொரு முறையும் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணங்களை எழுதுங்கள். ஏழு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிற இருவரில் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான், நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு மற்றவனிடம் "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்கிறார். அவன் ஒரு நொடி தயங்கி, "ஃப்ரெண்ட்" என்கிறான். திரைக்குப் பின்னால் படுத்திருப்பவனுக்கு அது கேட்டுவிடுகிறது. இதற்கு மேல் வசனம் வேண்டாம், இரண்டு எபிசோட் கழித்து வேறு எதற்கோ வரும் சண்டையில் அந்த வார்த்தை வெளியே வரட்டும்.

நெருக்கமும் அப்படித்தான். லிஃப்ட்டுக்குள் அவன் காலரைச் சரிசெய்கிற கை, கதவு திறந்ததும் கீழே இறங்குகிறது. போதும்.

மென்மையாகப் பேசுகிற, நளினமாக நடக்கிற கே ஆண்கள் இருக்கிறார்கள், அவர்களைக் காட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. அவர் உள்ளே வரும்போதெல்லாம் பின்னணியில் சிரிப்பு இசை போடுகிறோமே, அதை முதலில் வெட்டுங்கள்.

சாவு விஷயத்தில் ரொம்பக் கவனம் தேவை. 2016 மார்ச்சில் 'தி 100' என்ற அமெரிக்கத் தொடரின் லெக்ஸா, காதலியோடு ஒன்றுசேர்ந்த அதே எபிசோடில் வேறொருவரைக் குறிவைத்துச் சுட்ட துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்துப்போனாள். ரசிகர்கள் கொதித்தார்கள், தொடரை உருவாக்கியவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஒரு பாத்திரம் போனதற்கா அவ்வளவு கோபம் என்று கேட்கலாம். பல வருஷமாகத் தங்களைப் போன்றவர்கள் சந்தோஷப்பட்ட மறுநிமிஷமே சாவதைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது. அவர்கள் சாகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதை நகர ஒரு சாவு வேண்டும் என்றதும் உங்கள் கை முதலில் யார் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

கதைச் சுருக்கம் தயாரானதும், ஷூட்டிங்குக்கு வெகு முன்பே, ஒரு கே வாசகரிடம் சம்பளம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் "இப்படி யாரும் பேச மாட்டாங்க" என்கிறாரோ, அங்கிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.