முதலில் டியூசன் மாஸ்டரைப் போய்ப் பாருங்கோ

திருகோணமலையில் ஒரு கல்லூரிக்கு உதைபந்தாட்ட அணி கட்டப் போறீங்களா? பந்து வாங்க முன்னம் டியூசன் மாஸ்டரைப் போய்ப் பாருங்கோ. பின்னேரம் நாலு மணிக்குப் பொடியன் மைதானத்தில் நிற்பானா, கணித வகுப்பில் இருப்பானா என்று தீர்மானிப்பது நீங்களுமில்லை, அதிபருமில்லை. முதல் வருஷம் பதினெட்டுப் பேரோடு தொடங்கினேன். சாதாரண தரச் சோதனை நெருங்க ஏழு பேர் மிச்சம். அடுத்த வருஷம் மாஸ்டரிடம் கெஞ்சி, செவ்வாய், வியாழன் வகுப்பைச் சனி காலைக்கு மாற்றுவித்தேன்.

ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிடியுங்கோ. அவர்களுக்கு 4ஆம் இலக்கப் பந்து போதும். பெரியவர்கள் விளையாடும் 5ஆம் இலக்கம் 410 முதல் 450 கிராம். சின்னக் கால் அந்தப் பாரத்துக்குப் பயந்து பெருவிரலால் குத்தப் பழகிவிடும். பிறகு திருத்த ஏலாது.

கடற்கரைப் பொடியன்களுக்குத் தொடை இரும்பு. ஆனால் மணலில் பந்து துள்ளாது. அதே பொடியன் இறுகின தரைக்கு வந்தால், முதல் தொடுகையிலேயே பந்து எதிராளியின் காலடிக்குப் போய்விடும். கிழமைக்கு ஒருநாள் மட்டும் மணல். மற்ற நாட்களில் சுவரில் அடித்து, திரும்பி வரும் பந்தைப் பாதத்தின் உள்பக்கத்தால் நிறுத்தட்டும், ஒவ்வொரு காலுக்கும் நூறு தரம். முணுமுணுப்பார்கள். விடாதேங்கோ.

கச்சான் காற்றுக் காலத்தில் உயரப் பந்து கொடுத்தால் அது எங்கே விழும் என்பது கோணேசருக்குத்தான் தெரியும். தரையோடு பாஸ் பழக்குங்கோ. மாரியில் மைதானம் குளமாகும். அப்போது கரும்பலகையில் ஓஃப்சைட் (எதிரணியின் பின்வரிசைக்கு அப்பால் நின்று பந்து வாங்கும் தவறு) படிப்பியுங்கோ. எல்லைக்கோட்டில் இருந்து கையால் எறியும் பந்துக்கு ஓஃப்சைட் இல்லை என்று தெரியாமல், பின்வரிசை முழுக்கக் கை தூக்கி நிற்க, நாங்கள் கோல் வாங்கியிருக்கிறோம்.

கொழும்புக்குப் போய்த் தோற்க முன்னம் கிண்ணியா, மூதூர் அணிகளோடு விளையாடுங்கோ. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் பாதைக்கு, அதுதான் ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நின்றே பின்னேரம் போய்விடும். இப்ப அந்தச் சாட்டு இல்லை.

பழைய மாணவர்களிடம் ஜேர்சி கேளாதேங்கோ, அவித்த கடலைக்குக் காசு கேளுங்கோ. ஜேர்சியில் பெயர் அடிக்கலாம், அதற்கு ஆள் தானாக வரும். கடலையில் என்னத்தை அடிக்கிறது? ஆனால் மத்தியானம் சாப்பிடாமல் வாற பொடியனை ஓட வைப்பது அந்தக் கடலையும் பிளேன்டீயும்தான்.

நிலாவெளிப் பக்கக் கடைசி பஸ் நேரத்தைச் சாமான் அறைக் கதவில் எழுதி ஒட்டுங்கோ. பயிற்சி அதற்குக் கால் மணித்தியாலம் முந்தி முடியவேணும், ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும்.