ஒரு பாடம், இரண்டு கருவிகள்: இணையத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

"ஆசிரியர்களுக்குப் பயன்படும் 50 இணையதளங்கள்" என்ற மாதிரிப் பட்டியல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும். அப்புறம் பார்க்கலாம் என்று ஸ்டார் போட்டு வைப்போம், அதோடு சரி. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில், எதற்காக அந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்று பட்டியல் சொல்வதில்லை. அதனால் அது பட்டியலாகவே கிடந்துவிடுகிறது.

இங்கே எதிர்த்திசையில் போகலாம். பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய கருவியை மட்டும் தேடுவோம். உதாரணத்துக்கு மின்சுற்று. நீங்கள் கணக்கோ வரலாறோ எடுப்பவராக இருந்தாலும் வழி இதுதான், கருவி மட்டும் மாறும். கைவசம் வேண்டியவை: ஒரு மடிக்கணினி அல்லது கைபேசி, ஒரு கூகுள் கணக்கு, முடிந்தால் ஒரு புரொஜெக்டர்.

படி 1: தடுமாறும் இடத்தை ஒரு கேள்வியாக எழுதுங்கள்

கணினியை இன்னும் திறக்க வேண்டாம். தாளும் பேனாவும் போதும். "மின்சுற்று கடினம்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை ஒரு மின்கலத்தோடு தொடர் இணைப்பில் இணைத்தால், எது அதிகப் பிரகாசமாக எரியும்?

வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மின்கலத்தின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்பு என்று கணிசமானவர்கள் சொல்வார்கள். முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. இந்தத் தவறான புரிதல் பல நாட்டு மாணவர்களிடமும் இருப்பது இயற்பியல் கற்பித்தல் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகவே பதிவாகியிருக்கிறது. "இரண்டும் சமமாக எரியும்" என்று நீங்கள் சொன்னால் தேர்வில் அப்படியே எழுதிவிடுவார்கள். மனதுக்குள் முதல் பல்பு தின்றுகொண்டுதான் இருக்கும்.

ஆகவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. அந்த எண்ணத்தை ஆட்டம் காண வைக்கக் கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும். எண்ணம் மாறியதா என்று தெரிந்துகொள்ள இன்னொன்று வேண்டும்.

படி 2: காட்டுவதற்கு ஃபெட்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர் வளாகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம் ஃபெட். திரையிலேயே இயக்கிப் பார்க்கும் மாதிரிச் சோதனைகளை, அதாவது சிமுலேஷன்களை, அது தருகிறது. தொடங்கியவர் கார்ல் வீமன். அதற்கு முந்தைய ஆண்டுதான் இயற்பியலுக்கான நோபல் பரிசை வாங்கியிருந்தார். முதலில் இயற்பியலுக்கு மட்டும் இருந்தது. இப்போது வேதியியல், கணிதம், உயிரியலுக்கும் சிமுலேஷன்கள் உண்டு. இலவசம். சிமுலேஷனை இயக்க லாகின் எதுவும் தேவையில்லை.

தேடுபொறியில் "ஃபெட் சிமுலேஷன்" (PhET Simulation) என்று ஆங்கிலத்தில் கொடுத்தாலே தளம் வந்துவிடும். இயற்பியல் பிரிவில் "சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி" என்பதைத் திறங்கள். பல சிமுலேஷன்கள் பல மொழிகளில் கிடைக்கின்றன, தமிழாக்கங்களும் இருக்கின்றன. அந்தந்தச் சிமுலேஷனின் பக்கத்திலேயே மொழிப் பட்டியல் இருக்கும்.

உள்ளே போனதும் "இன்ட்ரோ" திரையைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் கம்பி, மின்கலம், பல்பு எல்லாம் அடுக்கியிருக்கும். இழுத்து நடுவில் போட்டால் முனைகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். தப்பாக ஒட்டிவிட்டால் அந்தச் சந்திப்பைத் தொடுங்கள், கத்தரிக்கோல் படம் வரும், அதை அழுத்தினால் பிரிந்துவிடும். வலப்பக்கத்தில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் இருக்கிறது. இதையெல்லாம் வகுப்புக்கு முன் ஒருமுறை வீட்டில் செய்து பார்த்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

வகுப்பில் வரிசை முக்கியம். முதலில் ஒரே ஒரு பல்பு. மின்கலம் 9 வோல்ட், பல்பின் மின்தடை 10 ஓம் என்று வைத்தால் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். அப்புறம் நிறுத்துங்கள். "இன்னொரு பல்பைச் சேர்க்கப் போகிறேன். முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்னால் என்று மூன்று இடத்திலும் அளந்தால் என்ன வரும்? நோட்டில் எழுதுங்கள்." எல்லோரும் எழுதி முடிக்கும்வரை திரையைத் தொடவே கூடாது. எழுதாமல் பார்த்தவர் "எனக்கு முன்பே தெரியும்" என்று சொல்லிவிடுவார். எழுதியவருக்கு அந்த வழி கிடையாது.

இப்போது இரண்டாவது பல்பை இணையுங்கள். இரண்டும் ஒரே அளவில் மங்கும். அம்மீட்டரை மூன்று இடத்துக்கும் நகர்த்துங்கள்: 0.45, 0.45, 0.45. வகுப்பில் சலசலப்பு வரும். அது அடங்கும்வரை விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள்.

யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், "பல்பே இல்லாமல் கம்பியை நேராக இணைத்தால்?" என்று. இணைக்க விடுங்கள். திரையில் மின்கலம் தீப்பிடிக்கும். குறுக்குச் சுற்றைப் பற்றிப் பேச இதைவிடப் பாதுகாப்பான வாய்ப்பு வராது.

ஒரு எச்சரிக்கை. பள்ளி ஆய்வகத்தில் உண்மையான பல்பும் மின்கலமும் இருந்தால் அதையும் செய்து காட்டுங்கள். ஆனால் அங்கே அளவு சரிபாதியாக வராது. இழை பல்பு சூடாகும்போது அதன் மின்தடை கூடும், மங்கலாக எரியும்போது குறையும். அதனால் இரண்டு பல்பு இணைத்தபின் மின்னோட்டம் பாதியைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். சிமுலேஷன் இந்த விவரத்தை மறைத்து எளிமையாக்கித் தருகிறது. மேல்வகுப்பு என்றால் இந்த வித்தியாசத்தையே ஒரு பாடமாக எடுக்கலாம்.

இணையம் நம்பகமில்லாத பள்ளியா? சிமுலேஷன் பக்கத்திலேயே டவுன்லோடு பொத்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு இறங்கும். அதைப் பென்டிரைவில் போட்டு, எந்தக் கணினியிலும் பிரவுசரில் திறந்தால் இணையம் இல்லாமலே ஓடும்.

படி 3: கேட்பதற்கு கூகுள் ஃபார்ம்ஸ்

பிரவுசரின் முகவரிப் பட்டியில் "ஃபார்ம்ஸ் டாட் நியூ" என்று ஆங்கிலத்தில் தட்டினால் நேராக ஒரு வெற்றுப் படிவம் திறக்கும். மேலே "செட்டிங்ஸ்" தாவலுக்குப் போய் "மேக் திஸ் எ குவிஸ்" என்பதை இயக்குங்கள். திரும்பி வந்து கேள்வியைத் தட்டச்சு செய்து, விடைகளைக் கொடுத்து, கீழே "ஆன்சர் கீ" என்பதை அழுத்திச் சரியான விடையையும் மதிப்பெண்ணையும் குறியுங்கள்.

இவ்வளவுதான் பொத்தான் வேலை. உண்மையான உழைப்பு தவறான விடைகளை எழுதுவதில் இருக்கிறது. பலர் சரியான விடையை யோசித்து எழுதிவிட்டு, மற்ற மூன்றையும் வாய்க்கு வந்தபடி நிரப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைப் பிடிக்க வேண்டும்.

கேள்வி இப்படி இருக்கட்டும்: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடர் இணைப்பில் எரிகின்றன. முதல் பல்புக்கு முன்னால் அம்மீட்டர் 0.4 ஆம்பியர் காட்டுகிறது. இரண்டாவது பல்புக்குப் பின்னால் எவ்வளவு காட்டும்?

விடைகள் 0, 0.2, 0.4, 0.8. பூச்சியத்தைத் தேர்ந்தெடுத்தவர், பல்புகள் மொத்த மின்னோட்டத்தையும் செலவழித்துவிடும் என்று நினைக்கிறார். 0.2 சொன்னவர், கொஞ்சம் குறையும் என்கிறார். படி 1-இல் பார்த்த அதே ஆள். 0.8 என்றவர், இரண்டு பல்பு என்றதும் இரண்டால் பெருக்கிவிட்டார். அவருக்குப் பிரச்சினை மின்னோட்டத்தில் இல்லை, கேள்வியைப் படிப்பதில் இருக்கலாம். "மேற்கண்ட எதுவுமில்லை" என்ற விடையைச் சேர்க்காதீர்கள். அதைத் தேர்ந்தெடுத்தவர் என்ன நினைத்தார் என்று உங்களுக்கு எதுவும் தெரியவராது.

மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பெயருக்குப் பதில் வரிசை எண் கேட்டால் போதும். "ஒருவர் ஒருமுறை மட்டும்" என்ற கட்டுப்பாட்டை இயக்கினால் எல்லோரும் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டியிருக்கும். வீட்டில் ஒரே கைபேசியைப் பகிரும் அண்ணன் தம்பிக்கு அது தொல்லை, அணைத்தே வையுங்கள்.

"பப்ளிஷ்" செய்து, இணைப்பை நகலெடுத்து, அனுப்பும் முன் இன்காக்னிட்டோ சாளரத்தில் (உங்கள் கணக்கில் நுழையாமல் திறக்கும் பிரவுசர் சாளரம்) ஒருமுறை திறந்து பாருங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். பள்ளி கொடுத்த கணக்கில் படிவம் செய்தால், அந்த நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் திறக்காமல் போவது அடிக்கடி நடப்பது. உங்கள் திரையில் நன்றாகத் தெரியும், மறுமுனையில் நாற்பது பேர் "திறக்கல சார்" என்று அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

மாணவர்களிடம் கைபேசி இல்லையென்றால்

இதற்கு பிளிக்கர்ஸ் (Plickers) என்ற கருவி இருக்கிறது. ஆசிரியரிடம் ஒரு கைபேசி இருந்தால் போதும். தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, அட்டைகளைப் பதிவிறக்கி அச்சிட்டு, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் கியூஆர் கோடு மாதிரி ஒரு தனி வடிவம் இருக்கும், நான்கு பக்கமும் நான்கு எழுத்துகள். மாணவர் தன் விடைக்கான எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார். நீங்கள் கைபேசி கேமராவை வகுப்பின்மேல் மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார் என்று பதிவாகிவிடும். எழுத்துகள் பொடியாக இருப்பதால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் காப்பி அடிப்பது சிரமம். கை தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும்பும். இதில் அது நடக்காது. எனக்கு ஃபார்ம்ஸைவிட இதுவே பிடிக்கும்.

படி 4: முடிவைப் படிப்பது

ஃபார்ம்ஸில் "ரெஸ்பான்சஸ்" தாவலைத் திறந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வரைபடம் இருக்கும். சராசரி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தத் தவறான விடைக்கு அதிக ஓட்டு என்று பாருங்கள். 0.2 உயரமாக நின்றால் மறுநாள் முதல் ஐந்து நிமிடம் சிமுலேஷனை மறுபடி திறக்க வேண்டும். இந்த முறை அம்மீட்டரை ஒரு மாணவர் கையில் கொடுங்கள். விடைகள் நான்கிலும் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் கேள்வியில்தான் குழப்பம், அதைத் திருத்துங்கள்.

மற்ற பாடங்களுக்கு

கணித ஆசிரியர்கள் ஃபெட் இருந்த இடத்தில் ஜியோஜீப்ரா (GeoGebra) என்ற கணித மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் உருவாக்கத் தொடங்கியது. சமன்பாட்டில் ஒரு எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தைத் தட்டினால் அது தானாகவே ஒரு ஸ்லைடரைப் போட்டுத் தரும். இருபடிச் சமன்பாட்டில் இருபடி உறுப்பின் கெழுவை அப்படி வைத்து, ஸ்லைடரை மெதுவாகப் பூச்சியத்தைத் தாண்டி இழுங்கள்: பரவளையம் விரிந்து, நேர்கோடாகி, கவிழும். அதற்கு முன் "பூச்சியத்தில் என்ன ஆகும்?" என்று நோட்டில் எழுத வைப்பதை மறந்துவிடாதீர்கள்.

படங்கள் வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ். 2004 முதல் இயங்குகிறது. வரைபடங்கள், ஓவியங்கள், செல் படங்கள் என்று குவிந்து கிடக்கின்றன. எல்லாமே மறுபடி பயன்படுத்த அனுமதி உள்ளவை. படத்தின் கீழே உரிம விவரத்தைப் பார்த்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் ஸ்லைடின் அடியில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். கூகுள் படத் தேடலில் முதலில் வருவதை அப்படியே எடுத்து ஒட்டுவதைவிட இது அரை நிமிடம்தான் கூடுதல்.

காணொலிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. இருபது நிமிடம் ஓடவிட்டால் வகுப்பு அமைதியாக இருக்கும், அவ்வளவே. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் யூடியூபின் "ஷேர்" பெட்டியில் எந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்து இணைப்பை எடுங்கள். தேவையான மூன்று நிமிடத்தை மட்டும் காட்டி நிறுத்துங்கள்.

எந்தப் புதுத் தளமானாலும் மாணவர்களைக் கணக்குத் தொடங்கச் சொல்வதற்கு முன் வயது விதியைப் படியுங்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகக் கணக்குத் தொடங்கப் பல சேவைகள் அனுமதிப்பதில்லை. மேலே சொன்ன வேலை எதற்கும் மாணவர் கணக்கு தேவையில்லை என்பதும் இவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

படி 5: சக ஆசிரியருக்குக் கொடுப்பது

இந்தப் பாடத்துக்கு மாணவர்களுக்கான செயல்தாள் ஒன்றை கூகுள் டாக்ஸில் தயாரித்திருந்தால், "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று பகிர்வு அனுமதியை மாற்றுங்கள். அப்புறம் முகவரியின் கடைசியில் "எடிட்" என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கி இருப்பதையெல்லாம் அழித்து, அந்த இடத்தில் "காப்பி" என்பதை ஆங்கிலத்தில் எழுதி அந்த இணைப்பை அனுப்புங்கள். திறப்பவருக்கு ஆவணம் தெரியாது. நகல் எடுக்கட்டுமா என்று கேட்கும் ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் அவருடைய டிரைவில் ஒரு தனி நகல் உருவாகிவிடும். அவர் அதில் என்ன மாற்றினாலும் உங்கள் மூலப்பிரதி அப்படியே இருக்கும்.